ஆறு கதிரைகளும் அப்பாவின் வருத்தமும்

படத்துக்குள் இருந்தும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் என் அம்மாவுக்கு,

அப்பா உறங்கிவிட்டார். உறங்கிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவருடைய மூச்சுச் சத்தம் இங்கே கேட்கிறது. அதற்குக் காது கொடுத்தபடியே எழுதுகிறேன். விளக்கைப் போட்டால் எழும்பிவிடுவார். அதனால் போன் வெளிச்சத்தைத் தலையணையில் சாய்த்து வைத்துக்கொண்டு, கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

நீங்கள் போன பிறகு உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. நல்ல செய்தி ஏதும் வந்தால் எழுதலாம் என்று இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. எனக்கு எல்லோர் மேலும் அருவருப்பாக இருக்கிறது, அம்மா. கந்தோரில் இருப்பவர்கள் மேல், ஊர்ச்சனத்தின் மேல், என் மேல். கோபிக்க வேண்டாம், உங்கள் மேலும் கொஞ்சம்.

முதலில் அப்பாவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் டெங்குக் காய்ச்சலில் போய் எட்டாம் மாதம் அவருடைய கால் வீங்கத் தொடங்கியது. வயல் வட்டைக்குள் சேற்றில் நின்று நின்று வந்த வீக்கம் என்று எண்ணெய் தடவிக்கொண்டு திரிந்தார். பிறகு முகம் வீங்கியது. சோறு வயிற்றில் நிற்கவில்லை. இரண்டு சிறுநீரகமும் பழுது என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். இப்போது செவ்வாயும் வெள்ளியும் மட்டக்களப்புக்குப் போய் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அதற்காக இடது கையில் நரம்போடு நரம்பைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்த இடம் புடைத்துக்கொண்டு நிற்கும். தொட்டால் உள்ளே அதிரும். முதல் தரம் தொட்டுவிட்டு நான் கையை உதறினேன். அப்பா சிரித்தார்.

“பயப்புடாத புள்ள. அப்பாட கைக்குள்ள தண்ணி இறைக்கிற மிசின் பூட்டியிரிக்கானுகள்.”

ஆஸ்பத்திரியில் காசு கேட்பதில்லை. போய் வருவதுதான் பாடு. போகும்போது வலையிறவுப் பாலத்தால் பஸ்ஸில் போய்விடுவார். வரும்போது பிழிந்து போட்ட சாரன் மாதிரித்தான் வருவார். பஸ்ஸில் நின்று வர ஏலாது, ஓட்டோ பிடிக்க வேண்டும். சில மாத்திரைகளை வெளியே பாமசியில் வாங்கச் சொல்லி எழுதித் தருகிறார்கள். வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டோம், அரிசி வருகிறது. அரிசியை ஓட்டோக்காரரிடம் நீட்ட முடியுமா?

இப்படிப்பட்ட நோயாளருக்கு அரசாங்கம் மாதாமாதம் ஒரு கொடுப்பனவு தருகிறது, விண்ணப்பியுங்கள் என்று கிளினிக்கில் ஒரு நேர்ஸ் சொன்னார். அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை. “கால் கை எல்லாம் இரிக்கே எனக்கு. எனக்கு எப்பிடித் தருவானுகள்?” என்றார். நான்தான் பிடிவாதமாக நின்றேன். படிவத்தை நான்தான் நிரப்பினேன். சாதாரண தரப் பரீட்சைக்குக் கூட நான் அவ்வளவு கவனமாக எழுதமாட்டேன், அம்மா.

படிவத்தைக் கொடுக்கப் போன பிரதேச செயலகக் கந்தோரை நீங்கள் பார்த்ததில்லை. யன்னலில் ஒரு பேனையை நைலோன் நூலால் கட்டி வைத்திருக்கிறார்கள், யாரும் கொண்டுபோய்விடுவார்களாம். உள்ளே இருக்கிற எழுதுவினைஞர் ஒவ்வொரு தாளைப் புரட்டும்போதும் பெருவிரலை நாக்கில் வைத்து நனைப்பார். அப்பாவின் கிளினிக் கொப்பி முழுவதும் அவருடைய எச்சில். வீட்டுக்கு வந்து அதை ஈரத்துணியால் துடைத்தேன். துடைத்த இடத்தில் டொக்டரின் எழுத்து கலைந்துபோயிற்று. அதற்காக அடுத்த கிளினிக்கில் ஏச்சு வாங்கினேன்.

கிராம சேவகரின் கையொப்பம் வேண்டும் என்றார்கள். அவர் மக்களைச் சந்திப்பது செவ்வாய்க்கிழமை. அப்பா இயந்திரத்தில் கிடப்பதும் செவ்வாய்க்கிழமை. நான் பள்ளிக்கூட உடுப்போடு தனியே போய் நின்றேன்.

“ஆள் வரணும் புள்ள. வருத்தக்காரர் நேர்ல வரணும்.”

“அப்பா இண்டைக்கு ஆஸ்பத்திரியில ஐயா. செவ்வாய்க்கிழமை எப்பயும் அங்கதான்.”

“அப்ப வேற நாளைக்குக் கூட்டி வாங்க.”

“வேற நாளைக்கு நீங்க இல்லையே ஐயா.”

அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். “ஆத்தே, வாயப் பாரு! இவளுக்கே மாசாமாசம் குடுக்கலாம்” என்று ஒருவர் சொன்னார். கையொப்பம் கிடைத்தது. நான் சிரிக்க வைத்ததற்கான கூலி அது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று உள்ளங்கையைப் பாவாடையில் தேய்த்தேன், ஏனென்று தெரியவில்லை.

ஒரு புதன்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு கந்தோருக்குப் போனேன். எழுதுவினைஞர் கையைக் காட்டச் சொன்னார். அப்பா சேட்டுக் கையை மேலே சுருட்டினார். அந்த மனிதர் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, பின்னுக்குத் திரும்பிக் கூப்பிட்டார்.

“மிஸ், இஞ்ச வந்து தொட்டுப் பாருங்க. துடிக்குது! மோட்டுச்சைக்கிள் மாதிரி!”

மூன்று பேர் வந்து தொட்டார்கள். ஒரு பெண் தொட்டுவிட்டு விரலைக் கைலேஞ்சியில் துடைத்தாள். அப்பா சிரித்துக்கொண்டே கையை நீட்டியபடி நின்றார். சந்தையில் மீனைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி அவர்கள் பார்க்க, அவர் சிரித்தார், அம்மா.

அதற்குப் பிறகுதான் நான் அந்தப் பிழையைச் செய்தேன்.

வீட்டைப் பார்க்க அதிகாரிகள் வருவார்கள் என்று போனில் சொன்னார்கள். வீடு பார்க்க வருகிறவர்கள் என்றால் யார்? வீட்டுக்கு வருகிற ஆட்கள். வருகிற ஆட்களை நிற்க வைக்கக் கூடாது, வெறும் வாயோடு அனுப்பக் கூடாது. நீங்கள் எனக்கு வேறு எதைப் பழக்கினீர்கள்? நீங்கள் சீதனமாகக் கொண்டுவந்த இந்த வீட்டில் ஒரு கதிரைதான் மிச்சம் இருந்தது, அதற்கும் ஒரு கால் ஆடும். நான் முதல் நாளே வளவைக் கூட்டி, தண்ணி தெளித்து, பக்கத்து வீட்டுப் புவனம் மாமியிடம் ஓடினேன். அவருடைய மகன் கட்டாருக்குப் போன புதிதில் வாங்கிக் கொடுத்த ஆறு கதிரைகள் இருக்கின்றனவே, கைபிடியில் பூ வேலை செய்தவை. எங்கள் தெருவில் ஒரு பெண்பார்ப்பு என்றாலும் ஒரு செத்தவீட்டு எட்டாம் நாள் சடங்கு என்றாலும் அந்தக் கதிரைகள்தான் போய் வரும்.

“தூக்கிட்டுப் போ மனே. கேக்கணுமா? கோப்பையும் தாறன். நல்ல கோப்பை. சீனியக் கொஞ்சம் கூடப் போடு, கவுண்மேந்து ஆக்கள் இனிப்புத்தான் குடிப்பானுகள்” என்றார் மாமி.

அப்பா விடியவே சவரம் செய்தார். உங்கள் சாவீட்டுக்குப் பிறகு போடாத வெள்ளைச் சேட்டைப் போட்டார். அது தொளதொளவென்று இருந்ததால் நான் உள்ளே ஒரு பெனியனும் போடச் சொன்னேன். நோஞ்சானாகத் தெரியக் கூடாதாம். நான்தான் சொன்னேன்! என் வாயால்!

இரண்டு பேர் வந்தார்கள், ஒரு சேர், ஒரு மிஸ். பூக்கதிரையில் இருந்தார்கள். பால் தேத்தண்ணி குடித்தார்கள். கிறீம் பிஸ்கட்டை அந்தச் சேர் இரண்டாகப் பிரித்துக் கிறீமை முதலில் நக்கினார். பிறகு அதே விரலால் கையில் இருந்த சின்னக் கணினியில் கோடு கோடாகத் தட்டினார்.

“ஐயா எப்பிடி, சுகமா இரிக்கிறீங்களா?”

“ஓம் சேர், உங்கட புண்ணியத்தில சுகமாத்தான் இரிக்கன்.”

அப்பா வேறு என்ன சொல்வார்? வந்தவர் சுகம் விசாரித்தால் சுகம் என்பதுதானே வழக்கம்? படுத்த படுக்கையில் இருந்த பெரியப்பாவும் அப்படித்தானே சொன்னார்? அந்தச் சேர் அதைத் தட்டிக்கொண்டார். சாப்பாடு எப்படி என்று கேட்டார். “மகள் நல்லாச் சமைப்பா சேர், குறையொண்ணுமில்ல” என்றார் அப்பா. வயல் வேலை? “உடம்பு விட்டா நாளைக்கே இறங்குவன்.” அப்பா அப்படிச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது, அம்மா. நான் ஒரு முட்டாள்.

போகும்போது மிஸ் மட்டும் என் தலையைத் தடவி, “வீட்ட வடிவா வச்சிரிக்கீங்க” என்றார்.

ஒன்றரை மாதத்தில் பெயர்ப்பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். அப்பாவின் பெயர் இல்லை. ஏனென்று கேட்டதற்கு எழுதுவினைஞர் வாசித்துக் காட்டினார்: கல்வீடு. தளபாடங்கள் உண்டு. விண்ணப்பதாரர் நடமாடுகிறார், தேகாரோக்கியமாக இருப்பதாக அவரே கூறினார்.

“அந்தக் கதிரை எங்கட இல்ல ஐயா. இரவல்.”

“இரவலா? எங்களுக்கு ஏன் இரவல் கதிரை போட்டீங்க?”

“நீங்க வந்தா இருக்கத்தானே ஐயா.”

இந்தத் தரம் யாரும் சிரிக்கவில்லை. அது எனக்குச் சிரிப்பை விட அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வந்திருந்த அந்த மிஸ்தான் உள்ளேயிருந்து எழுந்து வந்து சொன்னார், மேன்முறையீடு செய்யலாம், ஆனால் கதிரைகளின் சொந்தக்காரர் அவை தன்னுடையவை என்று ஒரு கடிதம் எழுதி, அடையாள அட்டை இலக்கமும் போட்டுத் தர வேண்டும் என்று.

எவ்வளவு சின்ன வேலை என்று நினைத்தேன். மாமியின் வீட்டுக்கு ஓடினேன். கடிதத்தைக் கூட நானே எழுதிக்கொண்டு போனேன், அவர் கையொப்பம் மட்டும் வைத்தால் போதும். மாமி மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாசித்து முடித்த பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார்.

“ஏலாது மனே.”

“ஏன் மாமி? உங்கட கதிரைதானே?”

“என்ட கதிரைதான். அதாலதான் ஏலாது. எனக்கு நலன்புரிக் காசு வருகுது. பதியக்குள்ள வீட்டில ஒரு தளபாடமும் இல்ல எண்டுதான் குடுத்த நான். இப்ப கதிரை என்ட எண்டு கையெழுத்து வச்சா எனக்கு வெட்டிப்போடுவானுகள்.”

“உங்களுக்குத்தான் கட்டாரில இருந்து அண்ணன் காசு அனுப்புறாரே?”

மாமி கத்தியைக் கீழே வைத்தார். “அனுப்புறான் எண்டு ஊருக்குத் தெரியும். கடைசியா எப்ப அனுப்பினவன் எண்டு எனக்குத்தான் தெரியும். அவன் அங்க கலியாணம் கட்டி ரெண்டு வருசம். ஆருக்கும் செல்லாத.” பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: “கதிரைய எங்க ஒளிச்ச எண்டு உன்ட அம்மாட்டக் கேளு. அவ இருந்தா செல்லுவா.”

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, அம்மா. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். நீங்களும் மாமியும் ஆளுக்கு ஒரு கதிரையாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வேலியில் ஆள் நுழையும் பொட்டால் வந்தீர்கள். நம் நெல் அறைக்குள் ஆறையும் அடுக்கி, உங்கள் பழைய சீலையால் மூடினீர்கள். “ஆரும் கேட்டா நெல்லு மூட்டை எண்டு செல்லு புள்ள” என்றீர்கள். நான் விளையாட்டு என்று நினைத்தேன். மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். மாமியின் வெறும் வீட்டைப் பார்த்துவிட்டு அதிகாரிகள் போனார்கள். அன்றைக்கு மாமி நமக்குக் கொழுக்கட்டை அவித்துத் தந்தார்.

அப்படியென்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. வீடு பார்க்க வருகிறவர்கள் விருந்தாளிகள் இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதை ஏன் எனக்குச் சொல்லித் தரவில்லை? கதிரை போடப் பழக்கினீர்கள். எப்போது ஒளிக்க வேண்டும் என்று ஏன் பழக்கவில்லை? இதைக் கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. பொய் பழக்கவில்லை என்று ஒரு மகள் தாயிடம் கோபிக்கிறாள்.

ஊரில் கதை பரவியது. ஆளுக்கு ஒரு புத்தி சொன்னார்கள். வழமையாக அப்பாவை ஏற்றி வருகிற ஓட்டோ அண்ணன் சொன்னார்: “அடுத்த தரம் அவனுகள் வரக்குள்ள மாமாவ ஒரு பாயில போட்டு விடு. சவரம் எடுக்கப்படாது. குளிக்கவும் விடாத. நாலு ஈ மொய்க்கணும். அப்பதான் மனுசன் எண்டு எழுதுவானுகள்.”

அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார். ஆனால் அடுத்த நாள் அவர் சவரம் செய்யவில்லை. அதற்கடுத்த நாளும் செய்யவில்லை. ஒரு பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்தபோது, விறாந்தையில் பாயைப் போட்டு, அழுக்குச் சாரனோடு ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார். “அப்பா!” என்று கத்தினேன். அவர் ஒரு கண்ணைத் திறந்து கேட்டார்:

“இப்பிடிக் கிடந்தாக் காணுமா புள்ள? இன்னும் கொஞ்சம் வாயத் திறந்து கிடக்கணுமா?”

உண்மையான வருத்தக்காரர், அம்மா. இரண்டு சிறுநீரகமும் செத்துப்போன மனிதர். அவர் வருத்தக்காரன் மாதிரி நடிக்கப் பழகிக்கொண்டிருந்தார், என்னிடம் மார்க்ஸ் கேட்டார். நான் குசினிக்குள் போய், தின்றதையெல்லாம் சத்தி எடுத்தேன். அவருக்குக் கேட்கக் கூடாது என்று தண்ணி வாளியை உரசினேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. “சுகமாத்தான் இரிக்கன், செவ்வாய்க்கிழமை பாப்பம்” என்றார். ஓட்டோவுக்குக் காசு இல்லை என்பதை அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. புதன் விடியப்புறம் எழுந்து உட்கார்ந்துகொண்டு, படுக்க முடியாமல், வாயால் மூச்சை அள்ளினார். நெஞ்சுக்குள் கஞ்சி கொதிக்கிற மாதிரிச் சத்தம். உதடு நீலம். நான் வேலிப் பொட்டால் ஓடி மாமியின் கதவை இரண்டு கையாலும் இடித்தேன்.

மாமிதான் ஓட்டோவைக் கூப்பிட்டார். மாமிதான் கூட வந்தார். பாலத்தைக் கடக்கும்போது அப்பாவின் முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, “விடுங்க அண்ணன், மூச்ச விடுங்க, இந்தா வந்திட்டம்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அப்பா அவருடைய சீலையெல்லாம் சத்தி எடுத்தார். மாமி முகத்தைக் கூடச் சுளிக்கவில்லை. அந்தச் சீலையோடேயே மத்தியானம் வரை ஆஸ்பத்திரி வாட்டு வாசலில் நின்றார்.

அப்பா பிழைத்துக்கொண்டார். டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, “வீட்டில பெரியாக்கள் ஆரும் இல்லையா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப உங்களிட்டத்தான் சொல்லணும். இனி ஒருதரம் தவறவிட்டா, இஞ்ச கொண்டு வந்தும் பிரயோசனம் இல்லாமப் போகலாம்” என்றார். அவர் நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார்.

இனி எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்தின் காரணம்.

நேற்று நான் கடைசிப் பாடத்துக்கு நிற்காமல் கந்தோருக்குப் போனேன். மேன்முறையீட்டுப் படிவத்தை நீட்டினேன். மிஸ் வாசித்தார்.

“கதிரைக்காரர்ட கடிதம் எங்க?”

“தரமாட்டேன் எண்டுட்டாங்க மிஸ்.”

“அப்ப ஆர்ட கதிரை எண்டாவது சொல்லுங்க. பேர் இல்லாம நான் இத மேல அனுப்ப ஏலாது.”

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நிலத்தில் யாரோ துப்பிய வெற்றிலைக் கறை இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னேன். புவனம் மாமியின் முழுப்பெயரைச் சொன்னேன். எத்தனையாம் வளவு என்று சொன்னேன். மிஸ் எழுதினார்.

“அவங்களுக்கு நலன்புரி வருகுதா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யாரும் என்னை அடிக்கவில்லை. “ஓம்” என்றேன்.

மிஸ் அதையும் எழுதினார். “வியாழக்கிழமை வந்து பாக்கிறம். கதிரை அங்க இருந்தா அப்பாட பைலத் திருப்பி எடுக்கலாம்.”

“அவங்கட காச வெட்டுவீங்களா மிஸ்?”

“அது வேற பிரிவு, தங்கச்சி.”

வியாழக்கிழமை என்றால் நாளைக்கு, அம்மா.

இன்று பின்னேரம் மாமி நமக்குக் கறி கொண்டு வந்தார். கிளினிக் நேர்ஸ் சொன்ன மாதிரியே மரக்கறியை இரண்டு தரம் அவித்து, அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டு, உப்பில்லாமல் சமைத்திருந்தார். “அண்ணனுக்குக் கொஞ்சம் முகம் தெளிஞ்சிரிக்கு, இல்லயா மனே?” என்றார். பிறகு என்னை முன்னால் இருத்தி எண்ணெய் வைத்துச் சீப்பால் தலை இழுத்துவிட்டார். அவருடைய விரல் என் தலையில் படப் பட எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் மேல் வந்த கூச்சம் என்று நினைத்தேன். அவர் போன பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். யாரைப் பார்த்து வந்தது என்று தெரிந்தது.

அந்தக் கந்தோரில் இருக்கிறவர்கள் எச்சில் விரலோடு என் அப்பாவைத் தொட்டார்கள். சரி, அவர்களைத் திட்டலாம். ஆனால் ஒரு கொடுப்பனவுக்கு இரண்டு வீட்டை மோத விட்டுவிட்டு அவர்கள் கையைக் கழுவிக்கொண்டார்கள், நான்தான் ஊத்தையோடு நிற்கிறேன். நீங்கள் நோயில் கிடந்தபோது உங்கள் காலைப் பிடித்துவிட்டது மாமி. உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்டியதும் மாமி. நீங்கள் இருந்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லியிருப்பீர்களா? அப்பாவின் மூச்சு இப்படி இழுக்கும்போதும் சொல்லாமல் இருந்திருப்பீர்களா? எனக்கு உங்கள் பதில் வேண்டும். வராது என்று தெரியும்.

இப்போதே வேலிப் பொட்டால் போய் மாமியை எழுப்பிச் சொல்லலாம். சொன்னால் அவர் விடியமுன் கதிரைகளை வேறு எங்காவது கொண்டுபோய்விடுவார். அவர் வீடு வெறுமையாக இருக்கும். நான் பொய் சொன்னவள் ஆவேன். அப்பாவின் பைல் மூடப்படும். அதனால் எழுப்பமாட்டேன். இதையும் உங்களுக்கு மறைக்காமல் எழுதுகிறேன். பயத்தில் எழுப்பாமல் இருக்கிறேன் என்று நினைத்தால் அது பாதிதான் சரி. மீதிப் பாதி, கணக்குப் பார்த்துத்தான் இருக்கிறேன். பதினாறு வயதில் எனக்கு இந்தக் கணக்கு வருகிறது, கொப்பியின் முன்பக்கத்தில் இருக்கிற கணக்குத்தான் வருவதில்லை.

ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன். போனால் அங்கே ஒளிந்திருக்கலாம், பின்னேரம் வந்து ஒன்றும் தெரியாத மாதிரி “என்ன மாமி?” என்று கேட்கலாம். நேற்றிலிருந்து அப்படித்தான் நினைத்து வைத்திருந்தேன். செய்யமாட்டேன். அவர்கள் மாமியின் வாசலுக்கு வரும்போது நானும் அங்கே நிற்பேன். மகன் காசு அனுப்புவதில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று அந்த மிஸ்ஸிடம் சொல்வேன். ஆருக்கும் செல்லாத என்று மாமி சொன்ன விஷயம் அது. அதையும் சொல்லத்தான் போகிறேன். மாமியின் காசை வெட்டினால் அவருடைய மேன்முறையீட்டை நானே எழுதுவேன். என் கையால் எழுதியதை அவர் கிழித்துப் போடக்கூடும். திரும்பவும் எழுதுவேன்.

மாமி சத்தம் போட்டுக் கேட்பார், “ஆர்ரா செல்லிக் குடுத்தது?” என்று. தெரு முழுக்க வேலிக்கு மேலால் பார்க்கும். அப்பாவும் விறாந்தையில் இருந்து பார்ப்பார். அவருக்கும் அப்போதுதான் தெரியவரும்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மா. என்றாலும், “நான்தான் மாமி” என்று அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.

இப்படிக்கு,
அப்பாவின் மூச்சுக்குக் காவல் இருக்கும்
உங்கள் ஒரே மகள்